பட்டாளத்துக்காரருக்கு ஓர் அறை: மதுரைக் கடைக்காரர்கள் போட்டுப் பார்த்த வழி

பெரியார் பேருந்து நிலையப் பக்கமோ ரயில் நிலைய முன்வாசலிலோ இரவில் படுத்திருப்பவர் முன்னாள் படைவீரர் என்று தெரிந்தால், கடைக்காரர்கள் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, "மனு எழுதிக் கொடுங்கய்யா, பென்ஷன் வரும்" என்று அனுப்பிவிடுவது வழக்கம். நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம். மனுவில் எழுத முகவரி வேண்டும், ஓடிபி வரப் போன் வேண்டும், போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஓர் இடம் வேண்டும். இவை இல்லாதவரைக் காகிதத்துக்கு அலையவிட்டால் மூன்றாவது நாள் ஆளே காணாமல் போவார். அதனால் வரிசையைத் திருப்பிப் போட்டோம்: அறை முதலில், காகிதம் பிறகு.

அவர் உண்மையிலேயே படையில் இருந்தவரா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். "உங்க நம்பர் என்னண்ணே?" பெயர் குழம்பினாலும் பட்டாள நம்பர் குழம்பாது. கடைசி ஆங்கில எழுத்தோடு சேர்த்துச் சொல்வார். பச்சைச் சட்டையை நம்ப வேண்டாம், அது சந்தையிலேயே கிடைக்கிறது. நம்பர், பணியாற்றிய ரெஜிமென்ட், சேர்ந்த ஆண்டு, வெளிவந்த ஆண்டு, ஊர் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால், அங்கே பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எப்படி வெளிவந்தார் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர் சட்டப்படி முன்னாள் படைவீரர் கணக்கில் வரமாட்டார். அவருக்கும் அறை வேண்டும்தான், ஆனால் வாடகைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

செலவை ஒரே கடை சுமந்தால் மூன்றாம் மாதம் மனக்கசப்பு வரும். அதனால் பணமாக வசூலிக்காமல் வேலையாகப் பிரித்தோம். டவுன்ஹால் ரோட்டு லாட்ஜ் ஒன்றில் முதல் பத்து நாள் படுக்கை. மெஸ்காரர் மாத டோக்கனில் இரண்டு வேளைச் சாப்பாடு. வெங்கலக்கடைத் தெருவிலிருந்து பாத்திரம். ஹார்டுவேர் கடையிலிருந்து பூட்டு, கைப்பிடி, பல்பு. அட்வான்ஸையும் ஆறு மாத வாடகையையும் நான்கு பேர் பகிர்ந்துகொண்டார்கள். லாட்ஜிலேயே தங்க வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். லாட்ஜில் இருப்பவர் விருந்தாளிதான், வாடகைதாரர் இல்லை. திருவிழாக் கூட்டம் வந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், முகவரிச் சான்றும் கிடைக்காது.

வீட்டு உரிமையாளர்கள் ஒண்டி ஆளுக்கு, அதுவும் வயதானவருக்கு, எளிதில் கொடுப்பதில்லை. வாடகை வராது என்பதைவிட, "திடீர்னு ஏதாவது ஆயிட்டா யார் வந்து தூக்குவா?" என்பதுதான் அவர்கள் பயம். அதைச் சுற்றி வளைக்காமல் நேராகவே பேசிவிட வேண்டும். மருத்துவமனையானாலும் இறுதிச் சடங்கானாலும் கூப்பிட வேண்டிய இரண்டு கடைக்காரர்களின் பெயரும் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின் கதவு திறந்தது. கூடுதல் அட்வான்ஸ் கொடுக்கிறோம் என்றபோதுகூடத் திறக்காத கதவு அது.

தரைத்தளம், கழிப்பறை உள்ளேயே, பேருந்து நிறுத்தம் நடக்கும் தூரம். இந்த மூன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முழங்கால் வலி இருப்பவருக்கு மேற்கத்திய கழிப்பறையும் சுவரில் ஒரு கைப்பிடியும் கட்டாயம். ஒப்பந்தம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். கடைக்காரர் பெயரில் போட்டால் அது கடைக்காரரின் வீடு. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சம்மதித்து எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாகவும் வேண்டும். ஒத்திக்குப் பிடிப்பது இதற்குச் சரிவராது, பெரிய தொகை முடங்கும்.

அறைக்குள் வேண்டியது கொஞ்சம்தான்: கட்டில், போர்வை இரண்டு, வாளி, குவளை, கொசுவலை, பூட்டுள்ள டிரங்குப் பெட்டி. சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம், அதற்கு அடையாளச் சான்று போதும், முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள். சாவி இரண்டும் அவரிடமே. "ஒரு சாவி எங்ககிட்ட இருக்கட்டும்ணே" என்றால் அது விடுதியாகிவிடும்.

முதல் வாரத்தில் கவனிக்க வேண்டியது குடி. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் ஓரிரு நாளில் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, கண்முன் இல்லாததைப் பார்ப்பது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. "அறைக்கு வந்துட்டீங்க, இனிமே தொடக் கூடாது" என்று சத்தியம் வாங்குவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. ராஜாஜி அரசு மருத்துவமனையில் காட்டி, மருத்துவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

அடுத்தது ஆதார். மொபைல் நம்பர் மாற்றக் காகிதம் எதுவும் வேண்டாம், மையத்துக்கு நேரில் போனால் போதும். முகவரி மாற்ற, ஆதாருக்கென்று உள்ள படிவத்தில் வார்டு கவுன்சிலர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். முத்திரை பாதி, ஒட்டிய புகைப்படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழ வேண்டும். அந்தத் தாள் மூன்று மாதம்தான் செல்லும்.

பென்ஷன்தான் எல்லாவற்றையும் தாங்குகிற தூண். சிப்பாய் நிலையில் வெளிவந்தவருக்குப் பொதுவாக 15 ஆண்டு சேவை இருந்தால் உண்டு. தெருவுக்கு வந்தவர்களில் பலருக்கு அது இல்லாமல் போகவில்லை, நின்று போயிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தர வேண்டிய உயிர்வாழ் சான்று தரப்படாததே காரணம். இப்போது படைவீரர் ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற பாதுகாப்புத் துறையின் இணைய முறை வழியாக வருகிறது. சான்றை ஆதார் வழியாக மின்னணுவில் பதியும் ஜீவன் பிரமாண் முறையில் பொது சேவை மையத்திலேயே போடலாம், ஆனால் மூன்று இடத்தில் சிக்கும். ஒன்று, கைரேகை தேய்ந்து பதியாது. அப்போது முகத்தைப் பதியும் செயலியைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். இரண்டு, ஓய்வூதியம் வழங்குபவர் என்ற இடத்தில் பழக்கத்தில் வங்கிப் பெயரைத் தட்டிவிடுவார்கள். சான்று பதிவானதாகச் செய்தி வரும், பணம் வராது. அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது ஸ்பர்ஷ் பெயர் உள்ள வரி. மூன்று, பெயர். பட்டாள ஏட்டில் முத்துக்கருப்பன் இரண்டு சொல்லாக இருக்கும், ஆதாரில் ஒரே சொல்லாக, முன்னால் இனிஷியலோடு. பிறந்த தேதியும் இதே கதைதான். இதை அவரவர் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுதித்தான் திருத்த வேண்டும்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. படையிலிருந்து வெளிவரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்திருந்தால் காவல் துறையில் தொலைந்த ஆவணப் புகார் பதிந்து, அதோடு நகலுக்கு நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

நின்ற பென்ஷன் திரும்பும்போது நிலுவையும் மொத்தமாக வரும். அந்த வாரம்தான் ஆபத்தான வாரம். இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத உறவு வாசலில் நிற்கும். ஏடிஎம் கார்டு வட்டிக்காரரிடம் அடகில் இருந்தால் பணம் அவரிடம்தான் போய்ச் சேரும். ஆகவே சான்று போடும் முன்பே பழைய கார்டை முடக்கிப் புதுக் கார்டு வாங்கிவிட வேண்டும். கார்டைப் பிடித்து வைத்து மிரட்டினால் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அந்தப் புதுக் கார்டை "பத்திரமா வெச்சிருக்கோம்" என்று கடைக்காரர் வாங்கி வைப்பதும் அதே பழக்கத்தின் இன்னொரு முகம்தான்.

பென்ஷன் தகுதியே இல்லாதவர் 65 வயது கடந்து, ஹவில்தார் அல்லது அதற்குக் கீழ் நிலையில் இருந்தவரானால், மத்திய படைவீரர் வாரியத்தின் வறுமை நிவாரண உதவிக்கு நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000. சிறு அறை வாடகைக்கு அது போதும்.

வேலை கொடுக்க முன்வரும் கடைகளும் உண்டு, பெரும்பாலும் இரவுக் காவல். நல்லதுதான். ஆனால் வேலை கொடுப்பவரே அறையும் கொடுக்கக் கூடாது. ஒருநாள் வாக்குவாதத்தில் வேலை போனால் அன்றிரவே மறுபடி பேருந்து நிலையம். பெரிய நிறுவனம் ஏதாவது சேர விரும்பினால், கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் முன்னாள் படைவீரர் நலனும் இருப்பதால் சிஎஸ்ஆர் எனும் சமூகப் பொறுப்புச் செலவுக் கணக்கில் காட்டலாம்.

ஏழாம் மாதம் முதல் வாடகையை அவரே உரிமையாளர் கையில் கொடுத்து ரசீது வாங்குகிறார். எங்கள் பக்கம் மிச்சம் இருப்பது ஒன்றே: உயிர்வாழ் சான்று போட்ட தேதியைக் கடை நாள்காட்டியில் சிவப்பில் குறித்து, புது நாள்காட்டி மாட்டும்போது அதில் எடுத்து எழுதுவது.