கத்திரியில் கலங்கிய தொட்டி

மே 5

மீன் தொட்டியில் வெள்ளைக் கலங்கல். நேற்று சாயங்காலம் லேசாக இருந்தது, இன்று காலையில் பின்னால் இருக்கும் ரொட்டாலாச் செடியே கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். பச்சையாக இருந்தால் மிதக்கும் பாசி. பழுப்பாக இருந்தால் மரக்கட்டை விடும் துவர்ச் சாறு. மண்தூள் என்றால் மதியத்துக்குள் அடியில் படிந்திருக்கும். மூன்றும் இல்லை. பாக்டீரியாதான் பெருகியிருக்கிறது. எதைத் தின்று பெருகியது?

ராத்திரி ஆஸ்பத்திரியில் அம்மாவோடு தம்பி முறை. நான் வீட்டில்.

மே 6

அம்மாவுக்கு கிரியாட்டினின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு, 3.4. தொட்டியில் பிஎச் 7.0, கேஎச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) 9.

மே 7

பையன் இரண்டு வேளை தீனி போட்டிருக்கிறான் என்று வீட்டில் சொன்னாள். நாங்கள் எல்லோரும் அங்கே இருந்தபோது, பாவம், மீனாவது சாப்பிடட்டும் என்று நினைத்திருப்பான். அவனை ஒன்றும் சொல்லவில்லை. தீனி அழுகினால் அம்மோனியா ஏறும். ஃபில்டர் செத்திருந்தாலும் ஏறும். சோதனை கிட்டில் பார்த்தேன், குழாய் மஞ்சளாகவே நின்றது, பச்சைச் சாயல்கூட இல்லை. அம்மோனியா பூஜ்யம். அப்படியானால் தீனியும் இல்லை, ஃபில்டரும் இல்லை. அம்மோனியாவாக மாற நைட்ரஜனே இல்லாத ஏதோ ஒன்று தண்ணீரில் கலந்து இந்தப் பூச்சிகளுக்கு விருந்து வைத்திருக்கிறது.

மூன்று நாளாக இதையே யோசிக்கிறேன். வேறு எதையும் யோசிக்காமல் இருக்க இது வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

மே 8

அப்படியே.

மே 9

செடிகளுக்காகத் தொட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு விட நான் வைத்திருக்கும் பழைய டிரிப் செட்டின் டியூப் கடினமாகிவிட்டது. கார்பன் டை ஆக்சைடு ஓடும் டியூப் எல்லாம் நாளாக நாளாக இறுகி, வளைத்தால் வெடிப்பு விடும். மருந்துக் கடையில் புதிது கேட்டேன். "கேனுலா எந்த சைஸ் சார்?" என்றான் பையன். மீன் தொட்டிக்கு என்றேன். சிரிக்கவில்லை, பில் போட்டான்.

கொளத்தூர் கடைகளில் குமிழ் எண்ணும் கண்ணாடிக் கருவி விற்கிறார்கள். எனக்கு டிரிப் செட்தான் பிடிக்கும். சொட்டு விழும் அந்தச் சின்ன அறையைத் தலைகீழாக மாட்டி, பாதித் தண்ணீர் விட்டால், சர்க்கரைத் தண்ணீர் புளிக்கும் ஈஸ்ட் பாட்டிலிலிருந்து வரும் வாயு அதில் குமிழ் குமிழாக ஏறும். நொடிக்கு ஒன்று இருந்தால் என் இரண்டடித் தொட்டிக்குப் போதும், 65 லிட்டர்தானே. டியூபை நெருக்கி வேகத்தைக் குறைக்கும் உருளையை மட்டும் மூடவே கூடாது. புளிக்கும் பாட்டிலை அடைத்து வைத்தால் மூடி பறக்கும், இல்லையென்றால் பாட்டிலே வெடிக்கும்.

இப்போது நொடிக்கு மூன்று வருகிறது. எண்ண முடியாத வேகம். இந்த வெயிலில் ஈஸ்ட்டுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது.

சாயங்காலம் அம்மாவின் தலைமாட்டில் நின்று அங்கே விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கை தானாக உருளைப் பக்கம் போயிருக்கிறது. "சார், அதைத் தொடாதீங்க" என்றார் நர்ஸ்.

மே 10

அம்மா இன்று நன்றாகப் பேசினாள். தொட்டி பற்றிச் சொன்னேன். "தேத்தாங்கொட்டையை உரசி விடுடா. எங்க ஊர்ல ஆத்துத் தண்ணியையே அப்படித்தான் தெளிய வைப்போம்." பானையின் உள்பக்கம் நாலு சுற்று உரசினால் காலையில் தண்ணீர் கண்ணாடியாக இருக்குமாம்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. தொட்டியில் போட மாட்டேன். கொட்டையை உரசினால் அதுவும் பாக்டீரியாவுக்குத் தீனிதான். சொம்பில் தொட்டித் தண்ணீரை எடுத்து உள்பக்கம் உரசி மூடி வைத்திருக்கிறேன்.

மே 11, விடிகாலை

தூக்கம் இல்லை. நாலரைக்கு எழுந்து ஹாலுக்கு வந்தால் கப்பி மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாய் பிளந்துகொண்டு நிற்கின்றன. மீன்காரர்கள் இதை "மேலே வந்து மூச்சு வாங்குது" என்பார்கள். உடனே ஏர் பம்பைப் போட்டேன். கார்பன் டை ஆக்சைடு அளவைக் காட்டும் டிராப் செக்கர் மஞ்சள், அதாவது மிக அதிகம். பிஎச் 6.7. பிஎச்சையும் கேஎச்சையும் வைத்துக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 54 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு. 30-ஐத் தாண்டினாலே மீனுக்குக் கஷ்டம். ஈஸ்ட் ராத்திரியிலும் நிற்காது; செடியோ இருட்டில் வாயுவை எடுக்காது, அதுவும் சுவாசித்து விடத்தான் செய்யும். இதற்கு மேல் பாக்டீரியாக் கூட்டம் வேறு ஆக்சிஜனைக் குடிக்கிறது. 30 டிகிரித் தண்ணீர் முழுக்க நிறைந்தாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் தாங்கும்.

ஐந்தேகாலுக்கு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அப்போதுதான் கவனித்தேன். டியூப் முடியும் இடத்தில், வாயுவைப் பொடிக் குமிழாக்கும் டிஃப்யூசரைச் சுற்றி, வெள்ளையாக ஒரு வழவழப்பு. விரலால் தொட்டால் நூலாக இழுபடுகிறது. கண்ணாடியில் வேறு எங்கும் இது இல்லை.

மே 11, இரவு

கிடைத்துவிட்டது. ஈஸ்ட் பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது, பொங்கி வரும் நுரையைப் பிடிப்பதற்கு. அதில் பாதிக்குச் சாதாரணத் தண்ணீர்தான் இருக்கும். இன்று திறந்தால் கழுத்துவரை மஞ்சள் கலங்கல், புளித்த கள்ளின் நாற்றம். பெரிய பாட்டில் வெயிலில் பொங்கி, நுரை இதை நிரப்பி, மிச்சம் டியூப் வழியாகத் தொட்டிக்கே போயிருக்கிறது. சர்க்கரையும் சாராயமும். கார்பன் மட்டும், நைட்ரஜன் இல்லை. அம்மோனியா ஏன் ஏறவில்லை என்பதும் இதோடு புரிந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தம்பிக்கு போன் செய்தேன். "அண்ணா, நாளைக்கு ரத்தம் வேணுமாம், டோனர் பாரு" என்றான்.

மே 12

டோனர் கிடைத்தார். சொம்பைத் திறந்தேன். அடியில் கொஞ்சம் வண்டல், மேலே பால் நிறம் அப்படியே. மண் கலங்கலைத்தான் கொட்டை இறக்கும்.

மே 13

வாயுவைக் கழற்றியாயிற்று. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை தூக்கலாக இருந்தது, ஆன்டி குளோரின் விட்டுத்தான் ஊற்றினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசினேன். குழாய்க்கு அடியில் பிழிந்தால் அதில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். தீனி இல்லை. ஏர் பம்ப் இருபத்துநாலு மணி நேரமும். கடைக்காரர் தண்ணீரைத் தெளிய வைக்கும் நீல மருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். சர்க்கரை தீர்ந்தால் பாக்டீரியா தானாகப் பட்டினி கிடந்து குறையும், மருந்து எதற்கு?

மே 14

பில்லிங் கவுன்டரில் இரண்டு மணி நேரம். அட்வான்ஸ் கட்டினால்தான் அடுத்த ஊசி என்கிறார்கள். எழுதவே பிடிக்கவில்லை.

மே 16

வார்டுக்கு வெளியே உட்கார்ந்து போனில் லிஸ்பன் மீன்காட்சியகத்துச் செடித் தொட்டியின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செடித் தொட்டி அமைப்பதில் பேர்பெற்ற ஜப்பானியர் தகாஷி அமானோ 2015-இல் அமைத்தது. நாற்பது மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். ஒரு இலைகூட மங்கலாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "எந்த ஊர் ஆறு தம்பி இது?" என்றார். அதே ஆண்டு அமானோ இறந்துவிட்டார், 61 வயது. அதற்கப்புறம் போனை மூடி வைத்துவிட்டேன்.

மே 18

ரொட்டாலாவின் நிழல் தெரிகிறது. கிரியாட்டினின் 2.9.

மே 19

2.9-தான் மறுபடியும். அம்மா கேட்டாள், "தெளிஞ்சுதா?" கொஞ்சம் என்றேன். "கொட்டைய ஒழுங்கா உரசிருக்க மாட்ட."

மே 22

தண்ணீர் நன்றாகத் தெளிந்திருக்கிறது. பின் கண்ணாடியில் ஒட்டிய விலைச் சீட்டின் மிச்சம்கூடத் தெரிகிறது. செடிகள்தான் வாடல். வாயு இல்லாத நாட்களில் ஓரத்தில் கரும்பாசி பிடித்துவிட்டது. அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும்.

மே 25

புதுக் கலவை. இரண்டு லிட்டர் பாட்டிலில் சர்க்கரை இரண்டு கப், ஆனால் இந்தத் தடவை கடல்பாசி காய்ச்சி அதில் கரைத்து உறைய விட்டேன். கெட்டியான சர்க்கரையை ஈஸ்ட் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரிக்க முடியும், பொங்கலும் குறையும். மேலே வெதுவெதுப்பான தண்ணீர், ஈஸ்ட் கால் டீஸ்பூனுக்கும் கம்மி, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பவில்லை, நுரைக்கு நாலு விரல் இடம். நடு பாட்டிலையும் பெரிதாக மாற்றினேன். மூடி ஓட்டையைச் சுற்றி எம்-சீல். ஜன்னல் ஓரத்திலிருந்து மாற்றி, வெயில் படாத இடத்தில், ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறேன்.

ராத்திரி என் முறை. பையனிடம் சொல்லியிருக்கிறேன், நடு பாட்டிலில் நிறம் மாறினால் டியூபைப் பிடுங்கிவிடச் சொல்லி.

மே 26

குமிழ் இரண்டு நொடிக்கு ஒன்று. நடு பாட்டில் சுத்தம். பிஎச் 7.2, கேஎச் இன்னும் 9, அதாவது 17 மில்லிகிராம். இன்னும் கொஞ்சம் ஏறலாம். கிரியாட்டினின் ரிப்போர்ட் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். ஆனால் தம்பி இப்போதே இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான், மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. லைட் டைமரில் இருக்கிறது, ஏர் பம்பைப் போட்டுவிட்டேன். கிளம்புகிறேன்.