கால் சுற்று பாக்கி

ஞாயிறு மதியம் மூன்று மணி. வீடு முழுக்க பிரியாணி மயக்கம். பால்கனி மூலையில் மட்டும் கம்ப்ரெசர் டர்ர்ர் என்று உறுமிக்கொண்டிருக்கிறது. மேசைமேல் 1/48 அளவில் ஒரு மெசர்ஷ்மிட் பிஎஃப் 109 ஜி-6, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் போர் விமானத்தின் பொம்மை மாடல். மூக்கிலிருந்து வால்வரை அளந்தால் ஒரு சாண்கூட வராது. வயிற்றுக்கும் பக்கவாட்டுக்கும் ஆர்எல்எம் 76 (அந்தக்கால ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிற எண்) என்ற வெளிர்நீலம் அடித்தாயிற்று. முதுகுக்கும் இறக்கைக்கும் 74, 75 என்று இரண்டு சாம்பல்கள், அதுவும் ஆயிற்று. பாக்கி இருப்பது பக்கவாட்டில் தேமல்போல வரும் சாம்பல் திட்டுகள் மட்டும்தான்.

அசல் விமானத்தில் அந்தத் தேமலை யாரோ ஒரு ஜெர்மன்காரர் ஸ்பிரே துப்பாக்கியால் கைபோன போக்கில் தெளித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அதையே 48-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒவ்வொரு தேமலும் மிளகு அளவு. ஓரம் மட்டும் புகைபோல மங்கியிருக்க வேண்டும். ஏர்பிரஷ், அதாவது காற்றால் பெயிண்ட் தெளிக்கும் பேனா, அதை வைத்துச் செய்யும் வேலையில் இதைவிட வயிற்றைக் கலக்குவது வேறில்லை. 0.3 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் மூக்கு, அதன் துளையை உள்ளிருந்து ஓர் ஊசி அடைத்திருக்கும்), டாமியா அக்ரிலிக் ஒரு பங்குக்குத் தின்னர் இரண்டு பங்கு, அழுத்தம் 10 முதல் 12 பிஎஸ்ஐ, விமானத்துக்கும் ஊசிக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர். அவ்வளவு கிட்டே போனால் காற்று மோதித் திரும்பி மூடியில் பெயிண்ட் சேரும் என்பதால் ஊசி முனையைக் காக்கும் கிரீட மூடியையும் கழற்றிவிட வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் பைக் ஓட்டுவது மாதிரிதான்.

நம்ம மாடல்காரர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார். முதல் நாலு தேமல் அழகாக விழுந்தது. ஐந்தாவதற்கு டிரிகரை இழுத்தார்.

புஸ்... புஸ்... ப்ளுக்.

விழுந்தது தேமல் இல்லை, சுவரில் கொசு அடித்த கறை. கப்பை எட்டிப் பார்த்தால் உள்ளே பெயிண்ட், ரசம் நுரை கட்டுவதுபோலக் குமிழ் விடுகிறது.

கப்பில் குமிழி வந்தால் அது ஏர்பிரஷ் தானாக முன்வந்து கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். காற்றுக்கு ஒரு பாதை, பெயிண்டுக்கு ஒரு பாதை. இரண்டும் நாசிலின் நுனியில்தான் சந்திக்க வேண்டும். நுனியைச் சுற்றிக் காற்று பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து பெயிண்ட் தானாக வெளியே இழுபடும். சந்திப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டால், அதாவது நாசிலின் அடிப்பக்கம் உடம்போடு சரியாக உட்காராமல் மயிரிழை இடைவெளி விட்டால், காற்று பெயிண்ட் பாதைக்குள் புகுந்து கப் வழியாக மேலே வரும். பெயிண்ட் விட்டுவிட்டுத் துப்பும்.

கண்டுபிடிக்கும் சோதனையும் சுலபம். கப்பைக் கழுவி அரைக் கப் தண்ணீர் ஊற்றுங்கள். டிரிகரை அமுக்க மட்டும் செய்யுங்கள், இழுக்க வேண்டாம் (அமுக்கினால் காற்று வரும், இழுத்தால் ஊசி பின்வாங்கிப் பெயிண்ட் வரும்). ஊசி நாசில் துளையை அடைத்துக்கொண்டிருக்கும்போதே குமிழி வந்தால் கசிவு நாசிலின் அடியில். இழுத்தால் மட்டும் வருகிறதென்றால் நாசில் நுனி விரிந்திருக்கிறது, அல்லது வாயில் காய்ந்த பெயிண்ட் அடைத்துக்கொண்டு காற்றைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு நிமிட வேலை.

மாடல்காரர் அழுத்தத்தை 25 பிஎஸ்ஐக்கு ஏற்றினார்.

அடைப்பு என்றால் ஊதித் தள்ளிவிடலாம் என்ற நம்பிக்கை. குழாயில் தண்ணி வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் திருகுவோமே, அதே மனசு. கசிவுக்கு அழுத்தம் ஏற்றினால் உள்ளே புகும் காற்றும் ஏறும். ரசம் இப்போது தளதளவென்று கொதித்தது.

அடுத்த சந்தேகம் பெயிண்ட் மேல். கெட்டியாக இருக்குமோ என்று ஆறு துளி தின்னர் விட்டார். ஏற்கெனவே கொழுப்பு நீக்கிய பால் பதத்தில் இருந்தது. கப்பின் சுவரில் பெயிண்டை ஏற்றி இறக்கினால் மெல்லிய ஏடு தங்கி மெதுவாக வழிய வேண்டும், அதுதான் அளவு. இப்போது பானகம் ஆகிவிட்டது. பானகத்தை 25 பிஎஸ்ஐயில் ஒன்றரை சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அடித்தால் காற்று அதை எட்டுத் திசையிலும் விரட்டி எட்டுக்கால் பூச்சி வரையும். வரைந்தது. காகிதத்தில் இல்லை, விமானத்தின் இடது பக்கத்தில், சிலுவைச் சின்னம் ஒட்ட வேண்டிய இடத்தில். சோதனைக்கென்று வைத்த காகிதத்தை விட்டுவிட்டு மாடல்மேலேயே சோதிப்பது இந்தப் பொழுதுபோக்கில் உள்ள எல்லோருக்கும் பொதுவான வியாதி.

தின்னரில் தோய்த்த இயர்பட்டை வைத்து எட்டுக்காலைத் துடைத்தார். அடியில் இருந்த 76-உம் சேர்ந்து வந்தது.

"என்னங்க, போன வாரம் வாங்கின இயர்பட்ஸ் டப்பா அதுக்குள்ள காலியா? எத்தனை காது இருக்கு உங்களுக்கு?"

பதில் சொல்லும் நிலைமையில் அவர் இல்லை. ஈரப்பதம் மேல் சந்தேகம் வந்திருந்தது. கடலோர ஊர்க்காரருக்கு இது நியாயமான சந்தேகம்தான். அழுத்திய காற்று சூடாகக் கிளம்பிக் குழாயில் ஆறும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகும். கம்ப்ரெசர் பக்கம் அந்தத் தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் டிராப் ஒன்று இருந்தாலும், குழாயின் மறுமுனையில் ஏர்பிரஷ்ஷுக்குக் கீழே இன்னொன்று வைப்பது அதனால்தான். ஆனால் இதற்கும் ஒரு சோதனை உண்டு: பெயிண்ட் இல்லாமல் வெறும் காற்றை டிஷ்யூ காகிதத்தில் 30 விநாடி அடித்துப் பார்த்தால் போதும். ஈரப்பொட்டு விழுந்தால் தண்ணீர், விழாவிட்டால் இல்லை. விழவில்லை.

சரி, அடைப்புதான் என்று முடிவு செய்து 'பேக்ஃபிளஷ்' செய்யப் போனார். நாசில் வாயை டிஷ்யூவால் பொத்திக்கொண்டு டிரிகரை மெல்ல இழுத்தால், காற்று பின்னோக்கிப் போய்க் கப்பில் குமிழியாக வந்து அடைசலைத் தளர்த்தும். நல்ல வழிதான். இதற்கு மூன்று நிபந்தனைகள்: கப்பில் பெயிண்ட் இருக்கக் கூடாது, தின்னர் கால் கப்புக்கு மேல் போகக் கூடாது, கப் மூடி போட்டிருக்க வேண்டும். மூன்றும் இல்லாமல் 25 பிஎஸ்ஐயில் டிரிகரை முழுக்க இழுத்தால் என்ன ஆகும் என்பதைச் சுவரில் இருந்த தினசரிக் காலண்டர் சொல்லும். ஆர்எல்எம் 75 சாம்பல் நிறத்தில் பன்னிரண்டு ராசிக்கும் தேமல் விழுந்தது. கொடுமை என்னவென்றால், அன்று முழுக்க அவர் தேடிய அதே மென்மையான ஓரம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவர் ராசிக்கு நேரே 'பொறுமை' என்று போட்டிருந்தது.

பொறுமை போய்விட்டதால் முழுசாகப் பிரிக்கத் தொடங்கினார்.

பிரிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. பின்கைப்பிடி, ஊசியைப் பிடித்திருக்கும் சக் நட்டைத் தளர்த்துவது, ஊசியைப் பின்பக்கமாக நேராக உருவுவது, பிறகுதான் நாசில் மூடி, கடைசியில் குட்டி ஸ்பேனர் போட்டு நாசில். ஊசி உள்ளே இருக்கும்போதே நாசிலைத் திருகினால் இரண்டும் உரசி இரண்டும் கெடும். வெள்ளைத் துண்டு விரித்த ஒரு தட்டுக்கு மேலே வைத்துச் செய்ய வேண்டும், வாஷ்பேசினுக்கு மேலே மட்டும் கூடவே கூடாது.

ஊசியை உருவி மேசைமேல் வைத்தார். அது உருண்டது. பிடிக்கப் போன கை இடித்து, முனை கப்பின் விளிம்பில் 'டிங்' என்றது. காதுக்கு இனிமையான ஓசை, பர்ஸுக்கு இல்லை. ஊசி முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாகச் சாய்த்து இழுத்துக்கொண்டே சுழற்றினால், வளைந்திருந்தால் ஓரிடத்தில் நகத்தைப் பிறாண்டும். பிறாண்டியது. வளைந்த ஊசியால் அடித்தால் பெயிண்ட் ஒருபக்கமாகச் சாய்ந்து போகும். அதை நாசிலுக்குள் நுழைத்தால் உள்சுவரைச் சுரண்டி நுனியைக் கிழித்துவிடும். இந்த ஒன்றை மட்டும் அவர் உருப்படியாகச் செய்தார். கண்ணாடித் தகட்டில் ஊசியைப் படுக்கவைத்து, முனையை விரலால் அழுத்தி, உருட்டிக்கொண்டே பின்பக்கமாக இழுத்தார். ஏழெட்டு முறை. பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரமாக்கி மடித்து, அதற்குள் முனையைச் சுழற்றி நகச் சோதனையில் தேறும்வரை தேய்த்தார். முனை முழுசாக மடங்கிக் கொக்கியாகியிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. வேறு ஊசிதான்.

அடுத்து நாசில். ஸ்பேனரை மாட்டித் திருகினார். ஸ்பேனருக்கு வேலையே இல்லை. கை பட்டதும் கழன்று வந்தது. இந்த இடத்தில் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை, ஏனென்றால் கழன்ற வேகத்தில் அது விரலிலிருந்து வழுக்கித் தரையில் குதித்துவிட்டது.

குருணை அரிசி அளவு உலோகம். காந்தத்தை எடுத்துக்கொண்டு தவழ்ந்தார். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அம்மா எழுந்து வந்தார்.

"என்னடா தேடற, தாலிக்குண்டா?"

"நாசிலும்மா. எல்லாரும் அப்படியே நில்லுங்க. யாரும் பெருக்காதீங்க!"

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடிக்க வேண்டும். சின்னப் பொருளுக்கும் நீளமாக நிழல் விழும். அதில் மூன்று கடுகு, ஒரு பொட்டு, கம்மல் திருகு ஒன்று (இரண்டு மாதமாகத் தேடியது, அம்மா மன்னித்துவிட்டார்), கடைசியில் நாசில். அப்படியும் கிடைக்காவிட்டால் வேக்குவம் கிளீனர் வாயில் பழைய சாக்ஸைக் கட்டி உறிஞ்சலாம், சாக்ஸில் தங்கும்.

கிடைத்த சந்தோஷத்தில் ஏர்பிரஷ் உடம்பு முழுவதையும் லாக்கர் தின்னரில் ஊறப்போட்டார். உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. அடியில் இருக்கும் காற்று வால்வில் சாதாரண ரப்பர் ஓ-ரிங் இருந்தால் அது ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும். உப்பியது. மாட்டி அமுக்கினால் காற்று வந்தது, விட்டாலும் வந்தது. வால்வைக் கழற்றி, டப்பாவில் இருந்த உபரி ஓ-ரிங்கைப் போட்டு, ஒரு பொட்டு கிளிசரின் தடவியதும் அடங்கியது. பெயிண்ட் போகும் பாதையில் ரப்பருக்குப் பதில் டெஃப்லான் வளையம் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இரவு எட்டரை. மறுபடி பூட்டல். தொலைந்து கிடைத்த நாசில் என்பதால் இந்த முறை மரியாதை அதிகம். மரையில் துளி தேன்மெழுகு தடவினார், விரலால் திருகினார், நின்றதும் ஸ்பேனரால் மெல்லக் கால் சுற்று. அதற்கு மேல் போனால் நாசிலின் கழுத்து முறிந்து மரை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஊசியை முன்னோக்கித் தள்ளி, முட்டியதும் நிறுத்தினார். டிரிகரை இழுத்தால் காற்று மட்டும் வந்தது, பெயிண்ட் வரவில்லை. சக் நட் இறுக்கவில்லை. டிரிகர் ஆடியது, ஊசி அசையவே இல்லை. இறுக்கினார்.

புதுசாகக் கலந்த பெயிண்ட், 12 பிஎஸ்ஐ, காகிதம். மிளகு மிளகாகத் தேமல் விழுந்தது. கப்பில் ஒரு குமிழிகூட இல்லை.

"பாத்தியா, லாக்கர் தின்னர்ல ஊறப்போட்டதுதான் சூட்சுமம்" என்றார் மனைவியிடம். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கத்துக்கு 76 மறுபடி அடித்து, காயவைத்து, தேமல் போட்டு முடிக்கும்போது மணி பதினொன்று. தூக்கம் சொக்கியது. ஏர்பிரஷ்ஷைப் பிரித்துக் கழுவினார். நாசிலை விரலால் திருகி, நின்றதும் மூடியைப் போட்டார். ஸ்பேனர் தட்டின் அந்தக் கோடியில் கிடந்தது. யார் எழுந்து போய் எடுப்பது.