கோடையின் முதல் பறிப்பு: ஒரு வீட்டுத் தோட்டத்தின் நாட்குறிப்பு

16 மார்ச் 2025, ஞாயிறு

பொங்கல் கழிந்த வாரத்தில் கவாத்து செய்த ஐந்து மல்லிகைச் செடிகளிலும் இன்று காலை தளிர் நுனிகளில் மொட்டு தெரிந்தது. குண்டூசித் தலை அளவுதான், பச்சை நிறம் இன்னும் மாறவில்லை. வலையங்குளம் பக்கத்து விவசாயிகள் நவம்பர் கடைசியிலேயே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டி, இலைகளையும் உருவிவிட்டு, மாசியிலேயே பூப்பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்த மாதம் என்பதால் என்னால் அப்போது கத்தரிக்கோலைக் கையில் எடுக்க முடியவில்லை. தாமதமாக வெட்டினாலும் செடி குறை வைக்கவில்லை.

நாகமலைப் புதுக்கோட்டைக்குக் குடிவந்த பிறகு வீட்டின் கிழக்கே 20 அடிக்கு 15 அடி இடத்தில் இந்தத் தோட்டத்தைப் போட்டேன். மல்லிகைப் பதியன்கள் தங்கச்சிமடத்திலிருந்து வந்தவை. மதுரை மல்லி என்று 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய இந்தப் பூவுக்கு நாற்று இராமநாதபுரத்துக் கடற்கரை மணலில்தான் வேர்விடுகிறது என்பதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் சலிப்பதில்லை. அங்கே வேர்விட்டு, இங்கே செம்மண்ணில் மணம் பிடிக்கிறது.

இன்றைய வேலை: செடிக்கு இரண்டு கூடை ஆட்டு எருவும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் வைத்து, பாத்தியைக் கொத்தி அணைத்தேன்.

23 மார்ச், ஞாயிறு

வடக்கு மூலையில் உள்ள மல்லிகைச் செடியின் இளந்தளிர்கள் வெளுத்துவிட்டன. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, நரம்புக்கு இடைப்பட்ட பகுதி எலுமிச்சை நிறத்துக்கு மாறியிருக்கிறது. முதிர்ந்த இலைகளுக்கு ஒன்றும் இல்லை. தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலைதான் முதலில் பழுக்கும். நுனி இலை வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் போகவில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. தொட்டியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிவதை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். அந்தத் தண்ணீரே பாய்ந்து பாய்ந்து மண் காரத்தன்மை ஏறிப்போனால், உள்ளே இருக்கும் இரும்பை வேரால் எடுத்துக்கொள்ள முடியாது.

உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, அந்தக் கரைசல் துருநிறமாகத் திரிந்துவிடாமல் இருக்க அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளித்தேன். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் தெளிக்க வேண்டும். இன்று முதல் அரிசி களைந்த தண்ணீர் முழுவதும் அந்தச் செடிக்கே.

2 ஏப்ரல், புதன்

கனகாம்பரத்தைப் பற்றி வருத்தத்துடன்தான் எழுதுகிறேன். சென்ற கார்த்திகையில் ஒரு நாற்றுப் பண்ணையில் வாங்கி நட்ட 12 டெல்லி கனகாம்பரச் செடிகளில் ஏழு, நட்ட நாள் தொட்டே வளராமல் குன்றி நின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று நான்தான் மறுகிக்கொண்டிருந்தேன். இன்று ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தபோது, வேர் முழுவதும் கடுகைக் கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தது. நூற்புழு. அது வாங்கிய நாற்றின் பையிலேயே வந்திருக்கிறது. மற்றப் பாத்திகளில் ஒரு முடிச்சும் இல்லை. பணம் போனது பெரிதில்லை. புழுவை விலைக்கு வாங்கி நம் மண்ணில் நாமே வைத்துவிட்டோமே என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

ஏழு செடிகளையும் வேரோடு எடுத்து எரித்துவிட்டேன். மிஞ்சிய ஐந்தின் வேரும் நன்றாக இருக்கும் என்று நம்ப முடியாததால் அவற்றையும் எடுத்தாயிற்று. அந்தப் பாத்தியைக் கொத்திக் கிளறி வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். பத்து நாள் கழித்து அங்கே கேந்தி (செண்டுமல்லி) விதை தூவுவேன். கேந்தியின் வேரில் சுரக்கும் பொருள் நூற்புழுவை அடக்கும் என்பது விவசாயிகள் வயலில் கண்டறிந்து இன்றும் செய்துவரும் முறை. புரட்டாசிக்குப் பூவும் ஆகும்.

நல்லவேளையாக, அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்டுக் கனகாம்பரம் மேற்குச் சுவர் ஓரமாகத் தனியே நிற்கிறது. டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது, குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். நாட்டு வகை கதிர் கதிராக விதை தரும்.

6 ஏப்ரல், ஞாயிறு

அம்மா இன்று விதை எடுத்தார். இதை எத்தனை முறை பார்த்திருந்தாலும் நான் அருகில் உட்கார்ந்துவிடுவேன். பூ உதிர்ந்து காய்ந்து பழுப்பேறிய கதிர்களை ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பி, கையைத் தண்ணீரில் நனைத்து நான்கு முறை உதறினார். ஒரு நிமிடம் வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு கதிரின் நடுவில் 'சடக்' என்று ஒரு சிறிய ஓசை. காய் இரண்டாகப் பிளந்து, விதை தட்டின் விளிம்பில் போய் மோதியது. அதைத் தொடர்ந்து தட்டு முழுவதும் பொரி பொரிவது போலத் தெறிக்கத் தொடங்க, அம்மா முந்தானையால் தட்டை மூடிப் பிடித்துக்கொண்டார். ஈரம் பட்டால்தான் இந்தக் காய் வெடிக்கும். காட்டில் மழை பெய்த பிறகே விதை மண்ணில் விழ வேண்டும் என்று அது இப்படி அமைந்திருக்கிறது. 140 விதைகள் தேறின. ஆடியில் விதைப்பதற்காகச் சாம்பலில் கலந்து டப்பாவில் போட்டு வைத்தேன்.

14 ஏப்ரல், திங்கள்

விசுவாவசு ஆண்டின் முதல் நாள். சாமி படங்களுக்குச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் தோட்டத்திலேயே கிடைத்தன. மல்லிகை முதல் பறிப்பு 46 மொட்டுகள்.

எங்கள் வரிசையில் ஆறு வீடுகள். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று பெண்கள் எல்லோரும் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வோம். அன்றைக்குப் பூ விற்கும் விலையில், மாட்டுத்தாவணிச் சந்தைக்கே போனாலும் ஒரு முழம் வாங்க யோசிக்க வேண்டியிருக்கும். இந்த ஆண்டு ஆறு வீட்டுக்கும் நம் செடிப் பூவையே ஆளுக்கு ஒரு முழம் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அம்மா கட்டும் நெருக்கத்துக்கு ஒரு முழத்துக்கு 120 மொட்டு வேண்டும். ஆக 720 மொட்டுகள் ஒரே நாளில் கிடைக்க வேண்டும். திருக்கல்யாணம் மே 8. இன்னும் 24 நாள் இருக்கிறது.

20 ஏப்ரல், ஞாயிறு

தென்னைநார்க் கழிவையும் கடலைத்தோலையும் எல்லாப் பாத்திகளிலும் மூன்று விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டேன். மூடாக்குக்கு முன்னால் காலையில் விட்ட தண்ணீர் மதியமே காய்ந்து மண் பாளம் பாளமாக வெடித்தது. இப்போது மறுநாள் காலை கையை உள்ளே விட்டால் ஈரம் தெரிகிறது. செடித் தண்டை ஒட்டி மட்டும் போடக் கூடாது, அடித்தண்டு அழுகிவிடும். ரோஜாத் தொட்டிகள் நான்கையும் வேப்பமர நிழலுக்கு நகர்த்தினேன். வெயில் குறையும் வரை ரோஜாவிடம் பெரிய பூவை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்துவிட்டது. எறும்பு வரிசையாக ஏறுவதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, நுனிக் கிளைகளை வெட்டி எறிந்து, வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன்.

26 ஏப்ரல், சனி

காலையில் மொட்டுப் பறிக்கப் போனபோது நடுச் செடியில் நான்கைந்து மொட்டுகள் ஊதா நிறம் பாய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்துப் பார்த்தால் நூலாம்படை போல மெல்லிய இழை. ஒரு மொட்டின் வயிற்றில் ஊசியால் குத்தியது போன்ற வட்டமான துளை. அதைக் கிள்ளியதும் கருந்தலையுடன் ஒரு பச்சைப் புழு நெளிந்துகொண்டு வெளியே வந்தது. மொட்டுக்குள் இதழ் எதுவும் மிஞ்சவில்லை, புழுக்கைதான் நிறைந்திருந்தது. மொட்டுப்புழு ஒரு மொட்டோடு நிறுத்திக்கொள்ளாது. கொத்தையே இழையால் கட்டிவைத்துக்கொண்டு ஒன்றுவிட்டு ஒன்றாகத் தின்னும்.

தலையில் சூடும் பூ, சாமிக்கு வைக்கும் பூ. அதில் கடை மருந்து அடிக்க எனக்கு மனம் ஒப்பாது. வேப்பங்கொட்டைப் பருப்பு அரைக் கிலோவை இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுவதும் 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மறுநாள் மாலை அடிப்பது என் முறை. இன்று பகல் முழுவதும் வேறு வேலை பார்க்கவில்லை. ஐந்து செடியையும் கொத்துக் கொத்தாகப் பார்த்து, ஊதா நிறம் கண்ட மொட்டு அத்தனையையும் கிள்ளி, சோப்புத் தண்ணீர் இருந்த வாளியில் போட்டேன். 200-க்கு மேல் போயிற்று. 720 என்ற கணக்கு இனி நடக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

29 ஏப்ரல், செவ்வாய்

மீனாட்சியம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழாக் கொடியேற்றம். நேற்று முன்தினமும் இன்றும் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தேன். வடக்கு மூலைச் செடியில் புதுத்தளிர் பச்சையாக வருகிறது. அன்னபேதி வேலை செய்திருக்கிறது.

4 மே, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்று தொடங்குகிறது. மாலை ஆறு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியவில்லை. காலை ஐந்தரைக்குள் ஒரு முறை, சூரியன் மறைந்த பிறகு ஒரு முறை என்று தண்ணீர் விடுவதை மாற்றிக்கொண்டேன். பகலில் குழாயில் வருவது வெந்நீர். முதல் இரண்டு வாளியைத் தனியாகப் பிடித்து ஆறவைத்துத்தான் தொட்டிச் செடிகளுக்கு ஊற்ற வேண்டும். மரிக்கொழுந்துப் பாத்திக்குப் பழைய வேட்டியைப் பந்தல் போலக் கட்டிவிட்டேன்.

மல்லிகைக்கு மட்டும் இந்த வெயில்தான் தீனி. இன்று 290 மொட்டுகள். புழு கண்டவை மூன்றே மூன்று.

8 மே, வியாழன்

நாலரை மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு பறித்தேன். பறிக்கும்போது மொட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும்: பச்சை சாயல் இருந்தால் மாலையில் மலராது, விரிவதற்கு வாய் எடுத்துவிட்டால் கட்டும்போதே இதழ் மடங்கும், பால் வெள்ளையாகி, நுனி உருண்டு, காம்பு இளம்பச்சையாக இருப்பதுதான் கட்டுவதற்கு ஏற்றது. அம்மா சன்னல் ஓரம் நின்றுகொண்டு, "வெரசாப் பறி தாயி, வெயிலேறுனா மொட்டு வாடிப்போகும்" என்று இரண்டு முறை சொன்னார். மொத்தம் 372.

ஆளுக்கு அரை முழம்தான் என்று நான் சொன்னபோது அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நல்ல நாளும் அதுவுமா அரை முழத்த யாரு தலையில வைப்பா? கதம்பமாக் கட்டுவோம்" என்றார். நாட்டுக் கனகாம்பரம் ஒரு கொட்டான் நிறையப் பறித்தோம். வேட்டி நிழலில் தப்பிய மரிக்கொழுந்தை நுனி நுனியாகக் கிள்ளினோம். வாழைநாரை நனைத்து, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு அம்மா கட்டத் தொடங்கினார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிய, நார் ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் விழுந்து இறுகும். மல்லிகை மூன்று கண்ணி, கனகாம்பரம் ஒரு கண்ணி, மரிக்கொழுந்து ஒரு கண்ணி. சென்ற ஆண்டு காம்பு எது, நார் எது என்று தெரியாமல் தடவித் தடவிக் கட்டியவர். இன்று எட்டு மணிக்குள் ஆறு முழமும் கட்டி முடித்துவிட்டார்.

தொலைக்காட்சியில் திருக்கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டே கயிறு மாற்றிக்கொண்டோம். வீட்டுக்கு வீடு வாழையிலையில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசி வீட்டு மதினி, "இது கடைப் பூ இல்லையே" என்று கையில் வாங்கியதும் கேட்டார். மரிக்கொழுந்து வாசம் காட்டிக்கொடுத்துவிட்டது.

12 மே, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கும் நாள். விடியற்காலையிலேயே வைகைக்குப் போய்விட்டு மதியம் திரும்பினோம். ஒரு வேளைத் தண்ணீர் தவறியதற்கே பிச்சிக்கொடியின் இலைகள் தொங்கிவிட்டன. மாலையில் ஊற்றியதும் ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துகொண்டது.

17 மே, சனி

மல்லிகை இன்னும் குறையவில்லை. நாள்தோறும் 250-க்குக் கீழே போவதில்லை. பூத்து ஓய்ந்த கிளைகளின் நுனியை மட்டும் இரண்டு கணு விட்டுக் கிள்ளிவிட்டேன். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்த தண்ணீரை, ஒன்றுக்குப் பத்தாகக் கலந்து செடிக்கு ஒரு செம்பு ஊற்றினேன். கேந்தி முளைத்து நான்கு இலை விட்டிருக்கிறது.

கடைசி வீட்டு மதினி வந்து ஒரு மல்லிகைச் செடி வேண்டும் என்று கேட்டார். இந்த வெயிலில் பதியம் போட்டால் வேர் பிடிக்காது, ஆடிக்காற்று ஓய்ந்து ஒரு மழை விழட்டும் என்று சொல்லி, தரையை ஒட்டி நீண்டிருக்கும் கிளை ஒன்றை அவரிடமே காட்டி, அவர் கையாலேயே அதில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டச் செய்தேன். புழு படாத செடியாகப் பார்த்துத்தான் காட்டினேன்.