பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டியது

டிராக்டரை வயலில் ஓட்ட ஒரு பருவத்துக்குள் பழகிக்கொண்டேன். அதே வண்டியில் டிரெய்லரைப் பூட்டிச் சாலையில் கொண்டுசெல்லப் பழகுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. வயலில் மண்ணையும் கருவியையும் கவனித்தால் போதும். சாலையிலோ, எனக்குப் பின்னால் வருபவர் என் வண்டியைப் பார்த்து என்ன புரிந்துகொள்கிறார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் மெதுவான வேகத்தைக் கண்டு கார் ஓட்டுபவர்கள் கோபப்படுகிறார்கள் என்றுதான் தொடக்கத்தில் நினைத்தேன். உண்மையில் தொலைவிலிருந்து பார்க்கும் பலருக்கு அந்த வேகம் பிடிபடுவதே இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிராக்டரை 150 மீட்டர் தூரத்தில் கண்டால், அந்த இடைவெளி பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். முன்னே போவது 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இன்னொரு கார் என்றால், அதே இடைவெளி தீர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். தினமும் இரண்டாவது வகையையே பார்த்துப் பழகிய கண், முதல் வகையையும் அப்படியே எடைபோட்டுவிடுகிறது.

இந்தக் குறையைப் போக்கத்தான் 1960களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெதுவாகச் செல்லும் வண்டிகளுக்கான முக்கோணச் சின்னத்தை உருவாக்கினார்கள். நடுவில் பகலில் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம், ஓரத்தில் இரவு வெளிச்சத்தில் மின்னும் சிவப்புப் பட்டை. எழுத்தைப் படிக்கத் தேவையில்லாமல், வடிவத்தைக் கண்டதுமே காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்க வைப்பது அதன் நோக்கம். ஆனால் சேறு அப்பிய முக்கோணம் யாருக்கும் எதையும் சொல்லாது. ஏற்றிய சுமை பின்விளக்கை மறைத்தாலும் அதே கதைதான். வயலில் உதவும் பின்பக்க வேலை விளக்கை அணைக்க மறந்து சாலையேறினால் இன்னும் மோசம்: பின்னால் வருபவருக்குக் கண் கூசும், எதிரே ஒரு வண்டி வருகிறது என்றும் தோன்றும்.

என்னை மிகவும் மாற்றியது ஒரு கையசைப்பு. வைக்கோல் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் நீண்ட வரிசை சேர்ந்துவிட்டது. எதிரே யாரும் இல்லை என்று கண்டு, முன்னால் போகும்படி கைகாட்டினேன். முதல் கார் விலகி ஏறிய நேரத்தில், புதர் மறைத்த வண்டிப்பாதையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சாலைக்குள் திரும்பியது. அதை ஓட்டிவந்த இளைஞர் பிரேக் பிடித்து ஓர மண்ணில் சரிந்தார். பெரிய காயம் இல்லை. எழுந்து நின்றவரின் கைகள் நடுங்கியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. உதவுவதாக எண்ணி, நான் பார்க்காத இடத்துக்கும் சேர்த்து உத்தரவாதம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து யாரையும் கைகாட்டி அனுப்புவதில்லை.

அதற்குப் பதிலாக நான் செய்யக்கூடியது ஒதுங்கி நின்று வழிவிடுவது. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும், எளிதில் முந்த முடியாத மெதுவான அல்லது பெரிய வண்டியின் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் கூடிய விரைவில் ஓரமாக ஒதுங்கி, பின்னால் வருபவர்களுக்கு வழிவிட வேண்டும் என்றே சொல்கிறது. இதில் இடத்தைத் தேர்வதுதான் கடினம். ஓர மண் இளகியிருந்தால் சுமையோடு சக்கரம் இறங்கி வண்டி கவிழக்கூடும். பாதி ஒதுங்கி ஓடிக்கொண்டே இருப்பதோ, இடம் போதாத இடத்தில் முந்தும்படி பிறரைத் தூண்டும். ஆகவே புறப்படும் முன்பே, வழியில் கெட்டியான தரையுள்ள இடங்களை மனதில் குறித்துக்கொள்கிறேன். அங்கே முழுவதுமாக நிறுத்தி, வரிசை கடந்த பிறகே மறுபடி ஏறுகிறேன்.

கார் ஓட்டுபவர்களிடம் ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்பேன். நீண்ட டிரெய்லரோடு குறுகிய வயல் வாசலில் நுழைய, நாங்கள் முதலில் எதிர்ப்பக்கமாக அகன்றுதான் திரும்ப வேண்டும். அதை வழிவிடுவதாக எண்ணி உள்பக்கமாக நுழைந்துவிடாதீர்கள். இண்டிகேட்டரைப் பாருங்கள், வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்களும் அதைக் கடைசி நொடியில் போடாமல் முன்கூட்டியே போட வேண்டும்.

இப்போது வயலைவிட்டு வெளியேறும் முன் இறங்கி ஒரு சுற்று வருவேன். இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று, வலப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று என்று வயலில் தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கியால் இணைப்பேன். ஒன்றை மட்டும் மிதித்துவிட்டால் சாலை வேகத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். டிரெய்லர் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்ப்பேன். வேலை விளக்கை அணைப்பேன். கடைசியாக ஒரு துணியால் அந்த முக்கோணத்தைத் துடைத்துவிட்டு, பத்தடி பின்னே போய் நின்று ஒருமுறை பார்த்த பிறகே இருக்கையில் ஏறுவேன்.