ஃபெஸ் குல்லா வந்ததும் போனதும் சட்டத்தால்

துருக்கியின் சிவப்பு ஃபெஸ் ஏதோ ஆதிகாலப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அரசு ஆணை. 1826-ல் ஜானிசரி என்ற பழைய காலாட்படையைக் கலைத்த சுல்தான் இரண்டாம் மஹ்மூத், 1829-ல் அதிகாரிகளின் தலைப்பாகையை எடுத்துவிட்டு ஃபெஸ்ஸை வைத்தார். விளிம்பு கிடையாது, தொழுகையில் நெற்றி தரையில் படும். கெட்டிக்காரத்தனமான தேர்வுதான்!

கம்பளி நூலில் பின்னி, சோப்பு வெந்நீரில் கசக்கி இறுகவைத்து, சாயம் ஏற்றி, சூடான பித்தளை அச்சில் அழுத்துவார்கள். மழையில் நனைந்தால் வடிவம் போச்சு. திரும்ப அச்சுக்கடைக்குத்தான் ஓட வேண்டும்.

1908-ல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டதும், ஆஸ்திரியாவிலிருந்து இறக்குமதியான ஃபெஸ்ஸை மக்களே புறக்கணித்தார்கள். 1925 நவம்பரில் அதற்குச் சட்டப்படி தடை. அரசு ஊழியருக்கு விளிம்புத் தொப்பி கட்டாயம். எதிர்த்தவர்களில் சிலர் தூக்கிலும் தொங்கினார்கள்.