களிமண்ணில் சிக்கிய குரோமியத்தை மின்சாரத்தால் இழுப்பது

ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கும் மேல். அப்படிப்பட்ட குவியலிலேயே மின்சாரம் பாய்ச்சும் மின்வாய்களை நடுவது வீண் வேலை. சுண்ணாம்பு மிகுந்த அந்தக் கழிவிலிருந்து குரோமேட் (நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம்) ஊறி வந்துகொண்டே இருக்கும். முதலில் குவியலை அகற்ற வேண்டும். அடியில் களிமண் இருந்தால் மின்சாரத்தின் வேலை அங்கேதான். தண்ணீர் விட்டுக் கழுவினால் அசையாத மண்ணில்கூட, ஈரம் இருந்தால் மின்சாரத்தில் அயனி (மின்னூட்டம் கொண்ட துகள்) நகரும்.

களத்துக்குப் போகுமுன் ஒரு பெட்டியில் சோதித்துவிடுங்கள். 20 செ.மீ. நீளத்துக்கு மண் பிடிக்கும் அக்ரிலிக் பெட்டி, இரு முனையிலும் தண்ணீர் அறை, அறைக்குள் கிராஃபைட் தகடு, மண்ணுக்கும் அறைக்கும் இடையே வடிதாள். சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் கணக்கில் 20 வோல்ட் டிசி. தொடரில் ஒரு மில்லி அம்மீட்டர். ஈர மண்ணை அடுக்கடுக்காக, காற்றுப் பொந்து விழாமல் அழுத்தி நிரப்ப வேண்டும்.

நேர்மின்வாயில் அமிலம் பிறக்கும், எதிர்மின்வாயில் காரம். ஈயம், காட்மியம் என்றால் காரம்தான் எதிரி: எதிர்மின்வாயை நெருங்கும்போது ஹைட்ராக்சைடாகப் படிந்து நின்றுவிடும். அதனால் அந்த அறையில் அசெட்டிக் அமிலம் விடுவார்கள். அதே முறையை ஆறு இணைதிறன் குரோமியத்துக்கும் பின்பற்றினால் காரியம் கெடும். குரோமேட் எதிர்மின்னூட்டம் கொண்ட அயனி, நேர்மின்வாய்க்குத்தான் போகும். அங்கே மண் அமிலமானால் இரும்பு ஆக்சைடுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். காக்க வேண்டியது நேர்மின்வாய் அறையை: காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் 7-க்குக் கீழே இறங்காமல் பாருங்கள். அறைத் தண்ணீர் மஞ்சளாகும். ஆரஞ்சுக்குத் திரும்பினால் அமிலம் ஏறிவிட்டது என்று பொருள்.

களிமண்ணில் தண்ணீர் எதிர்மின்வாய்ப் பக்கம் நகரும், அதாவது குரோமேட்டுக்கு எதிர்த்திசையில். நேர்மின்வாய் அறையில் நீர்மட்டம் குறைந்தால் அந்தப் பக்கத்து மண் காய்ந்து வெடிக்கும், மின்னோட்டம் சரியும். வோல்டேஜை ஏற்றாதீர்கள், தண்ணீரை நிரப்புங்கள்.

மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். மட்கு உள்ள மண்ணில் ஒரு பகுதி மூன்று இணைதிறனுக்கு இறங்கி அங்கேயே தங்கும். நச்சு மிகக் குறைவு, ஆனால் கணக்கில் "போகவில்லை" என்று வரும். டைஃபீனைல் கார்பசைடு சோதனையில் ஆறு இணைதிறனைத் தனியாகப் பாருங்கள்.

உப்பு மண்ணில் நேர்மின்வாயில் குளோரின் வரலாம், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் எப்போதும் வரும். காற்றோட்டம் கட்டாயம். களத்தில் புதைந்த இரும்புக் குழாய் இருந்தால் மின்சாரம் அதன் வழியே ஓடிவிடும், குழாயும் அரிக்கும்.

சேர்ந்த மஞ்சள் நீரை அமிலமாக்கி ஃபெரஸ் சல்பேட் போட்டு, பிறகு சுண்ணாம்பால் பிஹெச் 8–9-க்கு உயர்த்தினால் குரோமியம் படியும். அந்தச் சேறும் அபாயகரக் கழிவுதான். அதை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.