இரண்டு கைப் பிள்ளையார்

மூன்று வருடங்களாக எங்களுக்குப் பிள்ளையார் சதுர்த்தி சென்னையில்தான். மகன் வேளச்சேரியில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறான். ஒரு நாள் லீவுக்கு நான்கு பேர் காரைக்குடிக்கு வந்து திரும்புவதைவிட, நாங்கள் இரண்டு கிழடுகள் அங்கே போவது எளிது என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான். மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் களிமண் பிள்ளையாரும் காகிதக் குடையும் எருக்கம்பூ மாலையும் வாங்கி, மடியில் வைத்துக் காரில் கொண்டுவந்து, லிஃப்டில் ஏற்றுவோம். அந்த மாடவீதிக் கூட்டம் எனக்குப் பிடிக்கும். குறை சொல்ல மனமில்லை. மூன்றாம் நாள் பால்கனியில் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, அவரை உள்ளே இறக்குவோம்.

போன வருடம் அப்படி இறக்கும்போது பேரன் கேட்டான்: "அப்பத்தா, ஊரில் இருக்கும் பிள்ளையாரையும் இப்படித்தான் கரைப்பீர்களா?"

"அவரைக் கரைக்க முடியாதுடா. மலையோடு மலையாக உட்கார்ந்திருக்கிறார்" என்றேன். அவன் நம்பவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு நம் கோவில் பிள்ளையாரைத் தெரியவில்லையே என்று என் கணவருக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. "அடுத்த சதுர்த்திக்கு நீங்கள்தான் வர வேண்டும், நாங்கள் வர மாட்டோம்" என்று காலையில் மகனிடம் சொல்லிவிட்டார்.

நம் கோவில் என்று அவர் சொன்னதை நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், அல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். செட்டிநாட்டில் எங்களுக்கு ஒன்பது நகரக் கோவில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒவ்வொரு குடும்பமும் இந்த ஒன்பதில் ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோவிலைச் சேர்ந்தவர்கள் பொதுவாகப் பங்காளிகள். இரணியூர்க்காரர்களும் பிள்ளையார்பட்டிக்காரர்களும் கோவில் வேறானாலும் சகோதர முறை. பெண் கொடுத்து எடுப்பதில்லை. கல்யாணம் ஆனவுடன் கணவனும் மனைவியும் கோவில் கணக்கில் ஒரு புள்ளி ஆகிவிடுவார்கள். வேளச்சேரியில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும் புள்ளி இங்கேதான். நான் பிறந்தது வைரவன்பட்டிக் கோவில்; வாழ்க்கைப்பட்டது பிள்ளையார்பட்டிக் கோவில். கல்யாணத்துக்கு இரண்டு கோவில்களிலிருந்தும் மாலை வந்தது.

இந்த வருடம் சதுர்த்திக்கு முந்தைய நாள் இரவு, மகன் குடும்பத்தார் பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்கள். அன்றைக்குத்தான் பிள்ளையார்பட்டியில் தேரோட்டம். மூலவருக்கு வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் சந்தனக்காப்பு. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டி, கந்தரப்பம் சுட்டு, வீட்டு நடுமுற்றமான வளவைக் கழுவி, ஆறு பேருக்குப் படுக்கை எடுத்துப் போட்டதில் எனக்குச் சந்தனக்காப்பு போயிற்று. வருத்தமில்லை என்று மருமகளிடம் சொன்னேன். கொஞ்சம் வருத்தம்தான்.

காலையில் ஆறு மணிக்கே கிளம்பினோம். குன்றக்குடி மலை தெரிந்ததும் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கீழிருந்தே சண்முகநாதரைக் கும்பிட்டுக்கொண்டோம். என் கணவரின் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஆகாது. மயில் வடிவில் இருக்கும் மலை இது என்று பேத்தியிடம் காட்டினேன். "தோகை எங்கே?" என்றாள். ஐந்து வயதுக்குச் சரியான கேள்வி. எனக்கும் எந்தப் பக்கம் என்று கையை நீட்டத் தெரியவில்லை.

பிள்ளையார்பட்டிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மிச்சத் தூரம் நடை. கரும்பு, பொரிகடலை, பலூன், எருக்கம் மாலை, பித்தளை மணி எல்லாவற்றையும் தாண்டிப் பிள்ளைகளை நகர்த்திக்கொண்டு போவதே ஒரு வேண்டுதல் மாதிரி இருந்தது. குளக்கரையில் தீர்த்தவாரிக்குக் கூட்டம் நின்றது. பிள்ளையாரின் ஆயுதமான அங்குசத் தேவருக்கு அபிஷேகம் நடப்பதாக ஒலிபெருக்கியில் கேட்டோம். நேரே பார்த்தது முன்னால் நின்றவர்களின் முதுகுகளைத்தான். வரிசையில் மூன்று மணி நேரம். சென்னை வீட்டில் ஐந்து நிமிடத்தில் தீபாராதனை முடிந்து வடை தட்டுக்கு வந்துவிடும் என்று மகன் ஒரு முறை சொன்னான். அவனுடைய அப்பச்சி, அதாவது அப்பா, திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

உள்ளே போகப் போகக் கல்லின் குளிர்ச்சி. குடைவரைக் கோவில் என்று படித்துத் தெரிந்துகொள்வது வேறு, முன்னால் நிற்பது வேறு. சிற்பத்தைச் செய்து கொண்டுவந்து வைக்கவில்லை; பாறையிலேயே அவரைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆறடி உயரம். வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். துதிக்கை வலப்பக்கம் சுழிந்திருக்கும். அதனால் வலம்புரிப் பிள்ளையார். எங்கள் முறை வந்தபோது தீபாராதனை காட்டினார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்ன வேண்டிக்கொள்ள நினைத்தேன் என்பது மறந்துபோயிற்று.

பேரன் என் சேலைத் தலைப்பை இழுத்தான். "அப்பத்தா, இவருக்கு இரண்டு கைதான் இருக்கிறது."

நான் பார்த்தேன். இரண்டு கைதான். வலக்கையில் சிவலிங்கம் இருக்கிறது. இடக்கை இடுப்பில். அங்குசம் இல்லை, பாசக்கயிறு இல்லை. கல்யாணமாகி வந்து முப்பத்தெட்டு வருடங்களில் இந்தச் சந்நிதியில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். குழந்தை வரம் கேட்டு நின்றிருக்கிறேன், மகனுக்கு வேலை கேட்டு நின்றிருக்கிறேன், மாமியார் நோய்க்கு நின்றிருக்கிறேன். வீட்டில் மாட்டியிருக்கும் படத்திலும் இதே உருவம்தான். ஒரு நாளும் கையை எண்ணியதில்லை. கேட்பதற்கு என்று போனால் முகத்தை மட்டும்தான் பார்க்கிறோம் போலிருக்கிறது. "நகருங்கள், நகருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். கழுத்தைத் திருப்பிக்கொண்டே நகர்ந்தேன்.

வெளியே வந்ததும் என் கணவர் விளக்கினார்: நான்கு கைகளோடு பிள்ளையாரை வடிக்கும் வழக்கம் நிலைபெறும் முன்னாலிருந்த பழைய வடிவம் இது என்று சிற்பம் ஆராய்ந்தவர்கள் சொல்வார்கள். "உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்றேன். "தெரியும்." முப்பத்தெட்டு வருடங்களில் என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. அதை வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கிழக்கு நோக்கிய மருதீசரையும் வாடாமலர் மங்கையையும் கும்பிட்டுவிட்டு, தூணோரம் உட்கார்ந்தோம்.

நண்பகலுக்கு முக்குறுணிக் கொழுக்கட்டை. பதினெட்டுப் படி அரிசி மாவில் ஒரே ஒரு கொழுக்கட்டை செய்து பிள்ளையாருக்குப் படைப்பது சதுர்த்தியின் முக்கியமான நிகழ்ச்சி. நானும் எட்டிப் பார்த்தேன், மருமகள் எட்டிப் பார்த்தாள், மகன் பேத்தியைத் தோளில் ஏற்றினான். கூட்டம் ஒரே குரலாக எழுந்து அடங்கியது. "என்ன தெரிந்தது?" என்று பேத்தியைக் கேட்டால், "நிறைய மாமா" என்றாள். கொழுக்கட்டை போய்விட்டது.

திரும்பும் வழியில் நேரே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் விடவில்லை. இத்தனை பக்கத்தில் வந்துவிட்டு வைரவன்பட்டிக்குப் போகாமல் எப்படி? நடை திறக்கும் வரை நிழலில் காத்திருந்தோம். அங்கே கூட்டமே இல்லை. வளரொளிநாதர் சந்நிதியில் எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி மட்டும். பிரகாரக் கல்லில் கால் வைத்ததும் பாவாடை கட்டிக்கொண்டு ஓடிய வயது ஞாபகம் வந்தது. என் அப்பச்சி இந்தத் தூணில் சாய்ந்து விசிறிக்கொண்டு உட்காருவார்கள். பைரவர் சந்நிதியில் நாயைப் பார்த்ததும் பேத்திக்குப் பரம சந்தோஷம்; சென்னை ஃபிளாட்டில் நாய் வளர்க்க அனுமதி இல்லை என்பது அவளுக்குப் பெரிய குறை. சாமியே நாய் வைத்திருக்கிறாரே என்று தன் அப்பாவிடம் வழக்கு ஆரம்பித்தாள்.

"அப்பத்தா, இது உங்கள் கோவிலா, அது உங்கள் கோவிலா?" என்றான் பேரன்.

"இது நான் பிறந்தது. அது உங்கள் ஐயா வீடு."

"நான் எதில் இருக்கிறேன்?"

"நீ பிள்ளையார்பட்டி. ஆனால் உன்னைப் புள்ளியாக எண்ண, முதலில் உனக்குக் கல்யாணம் ஆக வேண்டும்." அவன் வெட்கப்பட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

இரவு வளவில் உட்கார்ந்து மோதகம் சாப்பிடும்போது பதினெட்டுப் படி என்றால் எவ்வளவு என்ற கேள்வி வந்தது. மேல்மாடி அறையிலிருந்து மாமியார் காலத்துப் பித்தளைப் படியை எடுத்துவந்து, அரிசி அளந்து, சமையல்கட்டுத் தராசில் கொட்டினோம். எங்கள் படிக்கு 1 கிலோ 400 கிராம். பதினெட்டால் பெருக்கி 25 கிலோ 200 கிராம் என்று பேரன் அறிவித்தான். தேங்காயும் வெல்லமும் பருப்பும் தனி என்று நான் சேர்த்தேன். அது ஆத்தங்குடிக் கல் தரையில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று சாக்கட்டியால் வட்டம் போட்டார்கள். அவர்கள் ஊருக்குப் போன பிறகும் இரண்டு நாள் அந்த வட்டத்தை நான் துடைக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பேத்தி போன் செய்தாள். பள்ளியில் பிள்ளையார் படம் வரையச் சொன்னார்களாம். இவள் இரண்டு கையோடு வரைந்துவிட்டாள். மீதி இரண்டு கை எங்கே என்று டீச்சர் சிவப்புப் பேனாவால் கேட்டிருக்கிறார்.

"நான் என்ன சொல்லட்டும் அப்பத்தா?"

"அடுத்த சதுர்த்திக்கு டீச்சரையும் கூட்டிக்கொண்டு வா ஆத்தா" என்றேன்.